எரிந்துபோன பல்பை எங்கே ஒப்படைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய செய்தித்தாள், பால் கவர், இரும்புச் சாமான் ஆகியவற்றைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை. தெருமுனையில் உள்ள பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார். அவர் தொடாத பொருள்களே வீட்டில் தேங்குகின்றன: எரிந்துபோன சி.எப்.எல். பல்பு, டியூப்லைட், பேட்டரி செல், காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா.

ஓராண்டாகச் சேர்த்து வைத்த இவற்றை, அட்டை, பிளாஸ்டிக் பொருள்களோடு சென்ற மாதம் எங்கள் பகுதியின் உலர்கழிவுச் சேகரிப்பு மையத்துக்கு எடுத்துச் சென்றேன். அம்மையம் வேலைநாள்களில் பகலில் மட்டுமே திறந்திருப்பதால் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த ஊழியர் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் பெற்றுக்கொண்டார். பல்பையும் செல்லையும் வாங்க அவருக்கு உத்தரவு இல்லை, வைப்பதற்குத் தனி இடமும் இல்லை. "குப்பை வண்டியிலேயே போட்டுடுங்கம்மா" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அப்படிப் போட மனம் வராததால், அந்தப் பெட்டி மீண்டும் என் வீட்டுப் பரணுக்கே வந்துவிட்டது.

சி.எப்.எல். பல்பிலும் டியூப்லைட்டிலும் பாதரசம் இருக்கிறது. அவை உடைந்தால் வெளியேறும் ஆவியை முதலில் சுவாசிப்பவர், கையுறைகூட இல்லாமல் குப்பையைக் கிளறிப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்தான். கைப்பேசியின் லித்தியம் பேட்டரியோ, குப்பையை அழுத்தி ஏற்றும் லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கக் கூடியது. இதை முன்னறிந்தே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீடுகளில் சேரும் அபாயகரமான கழிவுகளைப் பெறுவதற்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் அமைத்து, அவற்றின் நேரத்தையும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளைப் பணித்தன.

எனவே, இருக்கும் மையங்களிலேயே மூடியுள்ள ஒரு தனித் தொட்டியை வைத்து, எவற்றைப் பெறுவார்கள் என்பதை வாசலில் தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது திறந்து வைக்குமாறு உள்ளாட்சி நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நான்கடி டியூப்லைட்டை உடையாமல் பேருந்தில் கொண்டுபோவது முதியவர்களுக்கு இயலாத காரியம். அதற்காக மாதம் ஒருமுறை தெருவுக்கே வண்டி அனுப்பினால் நன்றாக இருக்கும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி