அத்தானுக்கு, லூயிவில்லில் இருந்து

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்க நல்லா இருக்கோம், நீங்க, அக்கா, பிள்ளைங்க எல்லாரும் சுகம்தானே. போன தடவ வீடியோ கால்ல என் கையில இருந்த கிளாஸ பாத்ததும் அக்கா மூஞ்சி மாறிடுச்சு, நீங்க சட்டுனு மழையப் பத்தி பேச ஆரம்பிச்சிட்டீங்க. அப்புறம் தனியா மெசேஜ்ல "அதுல என்ன மாப்ள, மேல சவுக்கு குச்சி மாதிரி நட்டு வச்சிருக்க"ன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு ரெண்டு வரியில பதில் போட மனசு வரல. அதான் விலாவாரியா எழுதுறேன், அக்காவுக்கும் படிச்சு காட்டுங்க, இதுல ஒளிக்க ஒண்ணுமே இல்ல.

அது சவுக்கு இல்ல அத்தான், ரோஸ்மேரின்னு ஒரு வாசனைத் தழை. உள்ள இருந்தது போர்பன் விஸ்கியும் எலுமிச்சம்பழச் சாறும்.

அமெரிக்காவுல நாங்க இருக்குற இந்த கென்டக்கி மாநிலத்துல போர்பன்ங்கிறது சாராயக்கடை சமாச்சாரம் இல்ல, ஊரோட தொழிலு. இங்கிருந்து பார்ட்ஸ்டவுன் பக்கம் கார்ல போனா வழியில பல மாடி உயரத்துக்கு ஜன்னல் வச்ச கிடங்குங்க நிக்கும், உள்ள பூரா மரப்பீப்பா. பீப்பாயில இருந்து வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியா போயிடும், அத தேவதைங்க பங்குன்னு சொல்லுவாங்க, அந்த ஆவிய தின்னு வளர்ற ஒரு பூஞ்சை கிடங்கு சுவரு, சுத்தி இருக்குற மரம் எல்லாத்தையும் கரி பூசுன மாதிரி ஆக்கி வச்சிருக்கும். தண்ணியும் ஒரு காரணம்தான், சுண்ணாம்புப் பாறைக்குள்ள வடிஞ்சு வர்ற தண்ணி, இரும்புச் சத்து கம்மி.

சட்டமும் கறாரு. போர்பன்னு பேரு போடணும்னா தானியத்துல 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் நெருப்புல கருக்குன புது ஓக் பீப்பாயிலதான் ஊறணும், கலர், எசென்ஸ் எதுவும் சேக்கக் கூடாது. அந்த செம்பழுப்பு நிறம், வெனிலா வாசம், வெல்லப்பாகு வாசம் எல்லாமே அந்த கருகுன மரத்துல இருந்து இறங்குறதுதான். நம்ம ஊர்ல விஸ்கின்னு விக்கிறதுல பெரும்பாலும் கரும்பு மொலாசஸ்ல எடுத்த ஸ்பிரிட் கலந்திருக்கும், அதனால நீங்க அங்க எப்பவோ குடிச்சதா சொன்ன ருசிய வச்சு இத கணக்கு போடாதீங்க.

இத எனக்கு கத்துக் குடுத்தது பக்கத்து வீட்டு பெரியவர். ரிட்டயர் ஆனவர், வீட்டுக்குப் பின்னாடி புதினா, தைம், ரோஸ்மேரி எல்லாம் வச்சிருக்கார், பனிக்காலம் வந்தா ரோஸ்மேரி தொட்டிய மட்டும் தூக்கி அடுப்படி ஜன்னல் ஓரம் வச்சிடுவார், வெளிய விட்டா செத்துடும்னு. மே மாசம் மொத சனிக்கிழமை இங்க குதிரைப் பந்தயம், கென்டக்கி டெர்பி, 1875-ல இருந்து நடக்குது, அன்னிக்கு ஊரே போர்பன்ல புதினாவும் சக்கரையும் போட்ட ஜூலெப்தான் குடிக்கும். ஆனா அவரு சொல்லுவாரு, புதினா அந்த ஒரு நாளுக்கு, மத்த நாளுக்கெல்லாம் ரோஸ்மேரின்னு. எனக்கும் அதுதான் சரின்னு படுது, புதினா விஸ்கி வாசத்த அமுக்கிடும், ரோஸ்மேரி அப்படி இல்ல, மரவாசத்தோட ஒட்டிப் போகும்.

செய்முறை கேட்டீங்கல்ல. மொத நாளே சிரப் போட்டு வச்சிடணும். ஒரு கப் சக்கர, ஒரு கப் தண்ணி, சக்கர கரைஞ்சு ஒரு கொதி வந்ததும் அடுப்ப அணைச்சிட்டு அப்புறம்தான் ரோஸ்மேரி, விரல் நீளத்துல மூணு கொத்து போட்டு மூடி வச்சிடணும். ரசத்த எறக்குனப்புறம் அக்கா கொத்தமல்லி தழைய கிள்ளிப் போடுவாளே, அதே கணக்கு, கூட சேத்து கொதிக்க விட்டா கசந்து போயி தைலம் மாதிரி அடிக்கும். அரை மணி நேரம் கழிச்சு வடிகட்டி பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சா ரெண்டு வாரம் தாங்கும்.

பழம் இங்க மஞ்சளா தடிச்ச தோலோட வர்ற பெரிய எலுமிச்சை, நம்ம ஊரு சின்ன எலுமிச்சையவிட புளிப்புல கொஞ்சம் சாந்தம். பிழியறதுக்கு முன்னாடி ஒரு விரல் அகலத்துக்கு மேல்தோல மட்டும் சீவி எடுத்து வச்சுக்கணும், வெள்ளைப் பகுதி வராம, அதுதான் கசப்பு. அப்புறம் விஸ்கி 60 மில்லி, சாறு 22, சிரப் 22. கண்ணளவுல ஊத்தக் கூடாது அத்தான், புளிப்பும் இனிப்பும் ஒரு மயிரிழ தப்புனாலும் மொத்தமும் போச்சு, அதுக்குன்னே சின்ன அளவு கிண்ணம் விக்கிறாங்க. ஷேக்கர்ல நிறைய ஐஸ் போட்டு மூடி, பதினஞ்சு செகண்டு நல்லா பலமா குலுக்கணும், வெளிப்பக்கம் பனி பூத்து கை விறைக்கும், அப்ப நிறுத்தணும். ஐஸ் உருகி சேர்ற தண்ணி கலப்படம் இல்ல, அதுவும் இந்த பானத்துல ஒரு பங்கு, அது இல்லாம ருசி விரியாது. பெரிய ஐஸ் கட்டி போட்ட கிளாஸ்ல வடிகட்டி ஊத்திட்டு, சீவி வச்ச தோல கிளாசுக்கு மேல வச்சு அமுக்குனா எண்ணெய் பொடிப் பொடியா தெறிச்சு மேல படரும். கடைசியா ஒரு கொத்து ரோஸ்மேரிய ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு பட்டுனு ஒரு தட்டு தட்டி செருகி வைக்கணும். வாய்க்கு போறதுக்கு முன்னாடியே மூக்குக்கு போயிடணும், அதுக்குத்தான் இவ்வளவு பாடும். சிலர் நுரைக்காக முட்டை வெள்ளைக்கருவும் சேப்பாங்க, எங்க வீட்ல அந்த வாசம் ஆகாது. சிலர் கிரேப்ஃப்ரூட் சாறு ஊத்துவாங்க, நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்க, சில மாத்திரைக்கு அந்தப் பழம் ஆகவே ஆகாது, எங்கயாவது யாராவது குடுத்தா டாக்டர்ட்ட கேக்காம தொடாதீங்க.

அக்காவோட பயம் எனக்குப் புரியாம இல்ல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால் கலந்த சாராயத்த குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அந்த வாரம் பூரா எனக்கு இங்க தூக்கமே இல்ல. இந்த நாட்டுலயும் ஒரு காலத்துல விஸ்கில புகையிலைச் சாறு கூட கலந்து கலர் ஏத்தி வித்திருக்காங்க, ஜனங்க ஏமாந்து ஏமாந்து கடைசில 1897-ல சட்டம் போட்டாங்க: ஒரே ஆலை, ஒரே பருவத்துல காய்ச்சுனது, நாலு வருஷமாவது அரசாங்கக் கண்காணிப்புல கிடங்குல இருக்கணும், சரியா 50 சதவீத ஆல்கஹால். அந்த முத்திரை போட்ட பாட்டில் இன்னிக்கும் கடையில இருக்கு, நான் வாங்குறதும் அதுதான். குடிக்கிறவனோட உசுர காப்பாத்தணும்னு ஒரு அரசாங்கம் எழுதி வச்சத லேபிள்ல படிக்கும்போதெல்லாம் நம்ம ஊர நெனச்சு வயிறு எரியுது, எத்தனையோ வீடுகள்ல ஆம்பளைய பறிகொடுத்துட்டு நிக்கிறாங்க.

என் பழக்கத்தையும் சொல்லிடுறேன். சனிக்கிழமை சாயந்தரம் பெரியவர் வருவார், இல்ல ஆபீஸ் ஆளுங்க குடும்பத்தோட வருவாங்க, அடுப்படிலயே நின்னு பேசிக்கிட்டே ஆளுக்கு ஒரு கிளாஸ் செய்வேன், அந்த ஒரு கிளாஸே ரெண்டு மணி நேரம் ஓடும். உங்க தங்கச்சியும் பிள்ளைங்களும் கூடத்தான் நிப்பாங்க. வண்டி ஓட்டிட்டுப் போறவங்களுக்கும் குடிக்காதவங்களுக்கும் அதே சிரப், அதே எலுமிச்சை, விஸ்கிக்கு பதிலா சோடா, அதே கிளாஸ்ல, ரோஸ்மேரி செருகி. தனியா உக்காந்து குடிக்கிற வேலையே கெடையாது.

அந்த சோடாவ அக்காவ செய்யச் சொல்லுங்க. ரோஸ்மேரி நீலகிரில விளையுது, கோயம்புத்தூர் பக்கம் யாராவது வந்தா வாங்கிட்டு வரச் சொல்லலாம். கெடைக்கலன்னா நாரத்தை இலைல போடச் சொல்லுங்க, நடு நரம்ப கிழிச்சு எடுத்துட்டு, அதே மாதிரி கொதி அடங்குனப்புறம். அந்த இலைய போட்டு வேப்பிலக்கட்டி இடிக்கும்போது வீடு பூரா ஒரு வாசம் வருமே, அது விஸ்கிக்கும் பிரமாதமா சேரும்னு என் கணிப்பு, ஆனா எலுமிச்சை குடும்பத்து இலை எதையும் இந்த நாட்டுக்குள்ள கொண்டுவர விடமாட்டாங்க, தோட்டத்துக்கு நோய் வந்துடும்னு. அதனால பார்சல்ல வச்சு அனுப்பிடாதீங்க, சிரப்ப மட்டும் அங்க போட்டு, கோலி சோடால கலந்து, இனிப்பு தூக்கலா இருக்கா, இலை எத்தன போட்டீங்க, எவ்வளவு நேரம் ஊற வச்சீங்கன்னு எழுதுங்க.

உங்க மச்சினன்