நான்கு நிமிடத் தீர்ப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்தான். மகள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் காணொளி தயாரிக்கப் போகிறாளாமே? என் கருத்தைக் கேட்டிருந்தாய்.

முதலில் பணம். யூடியூபில் நீளமான காணொளி என்றால், அதில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் தயாரித்தவருக்கு. குறுங்காணொளிக்கு 45. அதுவும் அவள் காணொளிக்கென்று வந்த காசு அல்ல. எல்லாருடைய குறுங்காணொளிகளுக்கும் நடுவே ஓடிய விளம்பரங்களின் வருமானத்தை ஒரே பானையில் கொட்டி, இசை உரிமைக்கு உரியதை எடுத்துக்கொண்டு, பார்வைக் கணக்குப்படி பிரிக்கிறார்கள். இந்தப் பங்கு கைக்கு வரவே 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் 1 கோடி குறுங்காணொளிப் பார்வைகள். 2018 தொடக்கம்வரை மொத்தம் 10,000 பார்வைகளே போதுமாயிருந்தன. ஒரே அறிவிப்பில் வாசற்படியை உயர்த்தினார்கள். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்த சிறிய சேனல்கள் பலவும் வெளியே நிற்க நேர்ந்தது.

கூலி கொடுக்கும் விதம்தான் அங்கே உண்மையான சட்டம். 2023-இல் எக்ஸ் தளம் (பழைய ட்விட்டர்தான்), பதிவின்கீழ் வரும் மறுமொழிகளுக்கு நடுவே தெரியும் விளம்பரங்களில் பங்கு தரத் தொடங்கியது. மறுமொழி குவிய எது குறுக்குவழி? சண்டை மூட்டுவது. கண்ணியமாக எழுதுங்கள் என்று நூறு விதி ஒட்டிவைத்து என்ன பயன்?

என் கதையைக் கேள். பழைய வால்வு ரேடியோ ஒன்றைப் பழுதுபார்த்து, 22 நிமிடக் காணொளியாக ஒரு தளத்தில் போட்டிருந்தேன். 'ஆபத்தான செயல்' என்று நீக்கிவிட்டார்கள். எந்த இடம் ஆபத்து என்று ஒரு சொல் இல்லை. மின்தேக்கியில் மின்சாரம் தேங்கியிருக்கும், தொடாதீர்கள் என்று எச்சரிக்கும் இடமாக இருக்கலாம் (எச்சரித்ததே குற்றம் போலும்!). மேல்முறையீடு அனுப்பினேன். 4 நிமிடத்தில் நிராகரிப்பு. 22 நிமிடக் காணொளியை 4 நிமிடத்தில் பார்த்து முடித்த அந்த நீதிபதியை ஒருமுறை சந்திக்க ஆசை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பதிவை நீக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முறையீட்டை இயந்திரம் மட்டுமே தீர்க்கக் கூடாது என்கிறது அது. படித்துப் பெருமூச்சு விட்டேன். கூலி தருபவரே நீதிபதியாகவும் இருக்கும் இடத்தில், யாராவது வெளியிலிருந்து 'ஏன்' என்று கேட்க வேண்டாமா?

மகளைத் தடுக்காதே. ஆறு மாதம் வேலையையும் வைத்துக்கொண்டு செய்து பார்க்கட்டும். பார்வையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்கள் விருப்பத்தோடு, இன்றிலிருந்தே சேர்க்கச் சொல். கணக்கை முடக்கினாலும் அவர்களுக்கு எழுத அவளுக்கு வழி இருக்கும். மூலக் காணொளிகளையும் தனியாகச் சேமிக்கட்டும், நான் செய்யவில்லை. அந்த 22 நிமிடம் இப்போது எங்குமே இல்லை.

ரேடியோ மட்டும் மேசைமேல் நன்றாகப் பாடுகிறது. வரும்போது கேட்டுப் பார்.

உன் பழைய தோழன்