முதலில் நேரத்தைக் கண்டுபிடி

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். மீரியில் உன் ஆறாம் படிவ மாணவர்களுக்கு எறிபொருள் இயக்கம் தொடங்கப் போகிறாய். வீச்சுக்கான (எவ்வளவு தூரம் போய் விழும் என்பதற்கான) சூத்திரத்தை முதல் வாரம் பலகையில் எழுதவே எழுதாதே. புறப்பட்ட மட்டத்திலேயே வந்து விழும் பொருளுக்கு மட்டும்தான் அது சரி. மேசையிலிருந்து விழும் குண்டுக்கும் லாரிமேல் ஏறும் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலைக்கும் அதே சூத்திரத்தைப் போட்டுப் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

அவர்கள் மனத்தில் பதிய வேண்டியது ஒன்றுதான். கையை விட்ட பிறகு பொருளின்மேல் ஈர்ப்பு விசை மட்டுமே வேலை செய்கிறது (காற்றைப் பிறகு பார்க்கலாம்). அதனால் கிடைத்திசை வேகம் மாறுவதில்லை. செங்குத்து வேகம் மட்டும் ஒவ்வொரு நொடிக்கும் 9.8 மீ./நொடி மாறுகிறது. நம் ஊரிலும் மீரியிலும், நிலநடுக்கோடு பக்கத்தில் இருப்பதால், 9.78 என்பதே சரியான மதிப்பு. இந்த இரண்டு இயக்கங்களுக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றுதான். ஆகவே பெரும்பாலான கணக்குகளில் செங்குத்துப் பக்கம் போய் நேரத்தை எடு, அதைக் கொண்டுவந்து கிடைத்திசையில் போடு. பலகையை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து எழுதச் சொல். இரண்டு பக்கத்து எண்களையும் ஒரே சமன்பாட்டில் கலந்து எழுதுவதுதான் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு.

முதல் உதாரணத்துக்குப் பீரங்கி வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றுவதை எடுத்துக்கொள். 20 கிலோ குலை, கையை விடும் உயரம் 1 மீட்டர், லாரிப் பலகையைத் தாண்ட 2.2 மீட்டர். ஏற வேண்டியது 1.2 மீட்டர். அதற்குச் செங்குத்து வேகம் 4.84 மீ./நொடி வேண்டும், உச்சிக்குப் போக 0.495 நொடி ஆகும். ஏற்றுபவர் 1 மீட்டர் தள்ளி நின்றால் கிடைத்திசையில் ஏறத்தாழ 2 மீ./நொடி போதும். 2 மீட்டர் தள்ளி நின்றால் 4 வேண்டும். செங்குத்து வேகமும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் கையை விடும் நொடியில் குலைக்குக் கொடுக்க வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 275 ஜூலிலிருந்து 400 ஜூலுக்கு ஏறிவிடுகிறது. அனுபவப்பட்டவர்கள் ஏன் லாரியை ஒட்டி நின்று செங்குத்தாகத் தூக்கிப் போடுகிறார்கள் என்பதற்கு முதுகுவலியைத் தாண்டிய விடை இது. பாதையைத் தீர்மானிப்பது வேகமும் கோணமும்தான், எடை அல்ல. எடை கூடினால் அந்த வேகத்தைக் கொடுக்கும் உழைப்புதான் கூடும்.

அடுத்து செய்முறை. 12 மில்லிமீட்டர் ஸ்டீல் பேரிங் குண்டு ஒன்று, வளையக்கூடிய வயரிங் கேசிங் ஒரு துண்டு, தூக்குக் குண்டு, வெள்ளைத் தாள், கார்பன் தாள். கேசிங்கைச் சரிவாக வளைத்து, கடைசி 10 செ.மீ. மேசைமேல் படுக்கும்படி டேப் போட்டு ஒட்டு. அந்தக் கடைசித் துண்டை ரசமட்டம் வைத்துப் பார். முனை 3 டிகிரி கீழே சாய்ந்தாலே குண்டு 1 செ.மீ.க்கு மேல் முன்னதாக விழுந்துவிடும். விளிம்பிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி வை. தூரத்தை அந்தக் குறியிலிருந்து அள, மேசைக் காலிலிருந்து அல்ல. மேசைப் பலகை காலைவிட வெளியே நீண்டிருக்கும். குண்டை விரலால் பிடித்து விட்டால் தெரியாமலே ஒரு தள்ளு விழும். ஓர் அட்டையால் மறித்து வைத்து, அட்டையைச் சட்டென்று எடுக்கச் சொல். முதலில் சும்மா ஒருமுறை உருட்டி எங்கே விழுகிறது என்று பார்த்து, அங்கே வெள்ளைத் தாளை ஒட்டு. அதன்மேல் மை பூசிய பக்கம் கீழே வருமாறு கார்பன் தாளை வை. பத்துத் தடவை உருட்டினால் பத்துப் புள்ளிகள் விழும். அவை ஒரு நகத்தின் அகலத்துக்குள் இல்லாவிட்டால் விடும் இடம் மாறுகிறது என்று அர்த்தம்.

மேசை 80 செ.மீ. உயரமானால் விழும் நேரம் 0.404 நொடி. தூரம் 60 செ.மீ. என்று வந்தால் வேகம் ஏறத்தாழ 1.48 மீ./நொடி. இங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். குண்டை மேசைக்கு மேல் 16 செ.மீ. உயரத்திலிருந்து விட்டோம், ஆற்றல் அழிவின்மைப்படி வேகம் 1.77 வர வேண்டும், தூரம் 71.6 செ.மீ. வர வேண்டும் என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். "உராய்வு, காற்று" என்று சொல்லி மழுப்பிவிடாதே. இந்த வேகத்தில் ஸ்டீல் குண்டைக் காற்று தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உண்மைக் காரணம், குண்டு வழுக்கவில்லை, உருள்கிறது. ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. வேகத்தின் வர்க்கம் 2gh அல்ல, 10gh/7 (g ஈர்ப்பு முடுக்கம், h விட்ட உயரம்). அப்படிப் போட்டால் 1.495 மீ./நொடியும் 60.5 செ.மீ.யும் வரும். தட்டையான அடிப்பக்கம் உள்ள தடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. செங்கோண 'வி' வடிவப் பள்ளத்தில் இரு பக்கமும் தொட்டு உருண்டால் சுழற்சி இன்னும் கூடும், தூரம் 53 செ.மீ.தான். தடத்தை மாற்றிக் காட்ட முடிந்தால் அவசியம் காட்டு. கணக்குக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளிக்குக் காரணம் உண்டு என்பதை அந்த மூன்று எண்களைவிட நன்றாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்ற விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடு, ஆனால் குண்டு எறிதலைச் சேர்த்துக்கொள். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து 10 மீ./நொடி வேகத்தில் எறிந்தால் அதிக தூரம் தரும் கோணம் 45 அல்ல, ஏறத்தாழ 41. தூரம் 11.89 மீட்டர். 45 டிகிரியில் 11.79, 35 டிகிரியில் 11.72. கோணம் கொஞ்சம் தப்பினால் பெரிய நட்டமில்லை. வேகத்தை 10.5 ஆக்கினால் 12.95 மீட்டர்! அதோடு, தாழ்ந்த கோணத்தில்தான் கையால் அதிக வேகம் கொடுக்க முடியும். அதனால் நல்ல வீரர்கள் 41-க்கும் கீழே எறிகிறார்கள்.

உச்சியில் திசைவேகம் பூஜ்யம் என்று பாதி வகுப்பு எழுதும். செங்குத்துக் கூறு மட்டும்தான் பூஜ்யம். கிடைத்திசைக் கூறு அப்படியே இருக்கிறது, முடுக்கமும் 9.78 கீழ்நோக்கி இருக்கிறது. எறிந்த விசை பொருளோடு கூடவே போய், தீர்ந்ததும் அது விழுகிறது என்ற எண்ணம் அதைவிடப் பிடிவாதமானது. பிள்ளைகளைத் திட்டாதே. 1537-இல் இத்தாலியக் கணித அறிஞர் தர்த்தாலியாவே பீரங்கிக் குண்டின் பாதையை நேர்க்கோடு, வளைவு, பிறகு செங்குத்தாக விழும் நேர்க்கோடு என்றுதான் வரைந்தார். கலிலியோ பரவளையம் என்று அச்சில் நிறுவியது 1638-இல்.

தர்த்தாலியாவின் படம் போன்ற ஒன்றைக் கண்ணால் காட்ட வேண்டுமானால் பூப்பந்தை எடு. 5 கிராம் எடை, விரிந்த இறகு. காற்றின் இழுவை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் மட்டையை விட்டதும் வேகம் மளமளவென்று செத்துவிடுகிறது. விழும்போது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டருக்கு மேல் வேகம் போகாது. உயரமாக அடித்த பந்து பின்கோட்டருகே கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக இறங்குவது இதனால்தான். கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, ஆடுகளத்துக்குப் பக்கவாட்டில் தள்ளி வைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு படச்சட்டத்திலும் பந்து இருக்கும் இடத்தைக் குறிக்கச் சொல். அளவுக்கு வலைக் கம்பம் இருக்கிறது, 1.55 மீட்டர். ஸ்டீல் குண்டையும் அதே மாதிரி படமெடுத்தால், அதன் கிடைத்திசைப் புள்ளிகள் சம இடைவெளியில் விழும். பூப்பந்தின் புள்ளிகள் நெருங்கிக்கொண்டே போகும்.

உருட்டிப் பார்த்ததும் மேசை உயரம், விட்ட உயரம், பத்துத் தூரங்கள் இவற்றைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பு. சராசரி மட்டும் போதாது, பத்தும் வேண்டும்.

அன்புடன்,
அம்மா