குட்டி யானையில் வந்த மெஷின்

அன்புள்ள செல்விக்கு,

நைனா எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் வாங்க நீ அனுப்பிய பணத்தில் மரம் இழைக்கிற பழைய மெஷின் வாங்கிவிட்டேன் என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். உண்மைதான். மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

மாதவரத்தில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள். 12 அங்குல மெஷின், முழுக்க வார்ப்பிரும்பு. பிளேடு உருளையைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன், பேரிங்கில் கரகரப்பு இல்லை. மரத்தை வைத்துத் தள்ளுகிற தட்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், அடியில் வெளிச்சம் தெரியவில்லை. இழைப்புளி தள்ளித் தள்ளி என் வலது தோள் படுத்தும் பாடு உனக்குத் தெரியும். அதற்குமேல் யோசிக்கவில்லை கண்ணு.

கனம் 400 கிலோவுக்குக் குறையாது. ஏற்றி வந்த குட்டி யானை வண்டி முக்கால் டன் தாங்கும், அதனால் கனம் பிரச்சினை இல்லை. கனமெல்லாம் தலையில் இருக்கிற சாமான், அதுதான் பிரச்சினை. லேசாகச் சாய்ந்தால் போதும், குப்புற விழும். மோட்டாரைக் கழற்றினோம். பிளேடுகளைச் சாக்கில் சுற்றித் தனியாக வைத்தேன். செயின் பிளாக்கில் தூக்கும்போது லோடுமேன் தம்பி தட்டின் விளிம்பில் கயிறு போடப் போனான். கத்திவிட்டேன். அங்கே அரை நூல் வளைந்தாலும் காயலான் கடைக்குத்தான். உடம்பில் கட்டச் சொன்னேன்.

இறக்கச் சுலபமாக இருக்கும் என்று டிரைவர் வண்டியின் பின்பக்கமே வைக்கப் பார்த்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் பாரம் விழுந்தால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் கேட்காது. கேபினை ஒட்டித் தள்ளி, நாலு மூலைக் கொக்கிக்கும் குறுக்கே இழுத்துக் கட்டினோம்.

நான் பின்னால் நின்று மெஷினைப் பிடித்துக்கொண்டே வந்ததாக அம்மா சொல்லியிருந்தால், அது மூலக்கடை வரைக்கும்தான். "கயிறு அறுந்தா நீ புடிச்சு நிறுத்திடுவியா பெரியவரே?" என்று டிரைவர் முன்னால் ஏற்றிக்கொண்டார். எருக்கஞ்சேரி ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்தும் பிடித்துக்கொண்டது.

வியாசர்பாடியில் நம் சந்துக்குள் வண்டி நுழையவில்லை. முனையிலேயே பலகை சாய்த்து, அடியில் பைப் உருட்டிக்கொண்டு வந்தோம். இறக்கும்போது பலகை படாரென்று முறிந்தது. நல்லவேளை, மெஷின் தரையைத் தொட ஒரு ஜாண்தான் பாக்கி, யாருக்கும் அடியில்லை. அந்தப் பலகையைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான். முறிந்த இடத்தில் கட்டைவிரல் அளவு கணு. 35 வருஷமாக மரத்தோடு இருக்கிறவன், நடுவில் இருந்த கணுவைப் பார்க்கவில்லை. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

3 எச்பி மோட்டார், வீட்டு லைனில் ஓடாது. த்ரீ ஃபேஸ் கரண்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் பிளேடு மாட்டாமல்தான் முதலில் ஓட்டுவேன். எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும், பயப்படாதே. ஃபிரிட்ஜ் பணத்தைப் பொங்கலுக்குள் மெஷினே சம்பாதித்துவிடும். ஒரு கட்டில் வேலையும் மூன்று நிலைக்கதவும் பேசியிருக்கிறேன்.

கரண்ட் வரும்வரைக்கும் மெஷின் வாசல் கூடத்தில்தான். அம்மா அதன் மேல் பேப்பர் விரித்து, கழுவின பாத்திரங்களைக் கவிழ்க்கிறாள். ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் துரு ஏறும். நான் தினமும் ஆயில் தடவுகிறேன், அவள் தினமும் கவிழ்க்கிறாள். போன் பண்ணும்போது நீயே சொல்லிப் பார்.

உன் நைனா