கிரவுட்டில் தண்ணீரைக் கூட்டாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முட்டிவலி குறைந்து பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படிகளை மறுபடி ஏறினார் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூத்தவள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள். சிவில்தான் வேண்டுமென்று பிடிவாதம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கிரானைட் பாறை வெடிப்பை அடைக்க அழுத்தி ஏற்றும் சிமெண்ட்-தண்ணீர்க் கலவை, அதாவது கிரவுட், உள்ளே போகவில்லை, தண்ணீரைக் கூட்டலாமா என்கிறாய். கூட்டாதே. சிமெண்டைப்போல இரண்டு மூன்று மடங்கு எடைக்குத் தண்ணீர் ஊற்றினால் நன்றாகத்தான் ஓடும். ஆனால் சிமெண்ட் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அது வடிந்ததும் அந்த இடம் வெற்றிடம். நாம் அடைக்கப் போனதே அதைத்தானே!

தண்ணீரைக் குறைத்து சூப்பர் பிளாஸ்டிசைசர் சேர். சிமெண்ட் துகள்கள் திரளாமல் அது பிரித்து வைப்பதால் கெட்டிக் கலவையும் ஓடும். கூடவே சிமெண்ட் எடையில் 2, 3 சதவீதம் பென்டோனைட், அதாவது நீரில் ஊறிப் பெருகும் களிமண், போட்டால் நீர் பிரிவது வெகுவாகக் குறையும். இரண்டு மணி நேரத்தில் 5 சதவீதத்துக்குள் பிரிந்தால் நிலையான கலவை என்பது வழக்கம். பென்டோனைட்டை முதலில் தண்ணீரில் ஊறவிடு, ஓர் இரவு ஊறினால் நல்லது. சிமெண்டுக்குப் பிறகு கொட்டினால் சிமெண்டின் கால்சியம் அதை உப்பவிடாது. சைட் அவசரத்தில் இந்த வரிசையைத்தான் முதலில் மீறுகிறார்கள். எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான். அதற்காகப் பென்டோனைட்டை அள்ளிப் போடவும் கூடாது, இறுகியபின் வலிமை குறைந்துவிடும். வெடிப்பு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்கும் குறுகியது என்றால் எந்தச் சேர்மானமும் உதவாது. சாதாரண சிமெண்டின் துகளே அதற்குப் பெரியது. நுண்சிமெண்ட் வாங்கத்தான் வேண்டும்.

இங்கே கோலாலம்பூரில் கதை வேறு. ஊரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, அதற்குள் குகை குகையாக ஓட்டை. 2007-இல் திறந்த, வெள்ளநீரும் வாகனங்களும் போகும் ஸ்மார்ட் சுரங்கமும் இந்தப் பாறையைக் குடைந்துதான் போகிறது. ஓடும் கலவையை இங்கே விட்டால் எங்கோ போய்விடும். போட்ட இடத்தில் நிற்கும் கெட்டிக் கலவைதான் வேண்டும். நிலத்தடியில் நீரோட்டம் இருந்தால், கலவையைச் சட்டென உறையவைக்கும் சோடியம் சிலிகேட். தனிக் குழாயில் கொண்டுபோய்க் கடைசியில் சேர்த்தால் நொடிகளில் உறையும். நீண்டகால உறுதிக்கு நான் அதை நம்புவதில்லை. நீரை மறித்ததும் சிலிகேட் இல்லாத கலவையால் மறுபடி நிரப்பச் சொல்வேன்.

அப்புறம், பிளாஸ்டிசைசரின் அளவைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதே. சிமெண்ட் மாறினால் பிளாஸ்டிசைசர் வேலை செய்யும் விதமும் மாறும். உன் சைட் சிமெண்டிலும் தண்ணீரிலும் கலந்து மார்ஷ் புனலில் ஊற்றி, வடிய எத்தனை நொடி ஆகிறது என்று பார். மதிய வெயிலில் ஒரு தடவை, அதே கலவையை ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. எத்தனை நொடி என்று எழுது, சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்