தோற்கிறவனின் கையெழுத்து

தண்டையார்பேட்டை,
ஞாயிறு.

அன்புள்ள இளங்கோவுக்கு அம்மா எழுதுவது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தபால். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தடைக்காலம் முடியாததால் காசிமேட்டில் நல்ல மீன் இல்லை. அக்கா உன்னை வீடியோவில் பார்த்தாளாம். அங்கே அமெரிக்காவில் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய், விடியற்காலையில் ஓடுகிறாய் என்றாள். ஓடுவது நல்லதுதான், வெறும் வயிற்றில் ஓடாதே. பிறப்புச் சான்றிதழும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டும் ஒரிஜினலாக வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறாய். எதற்கென்று நான் கேட்கவில்லை.

போன மாதம் பேசும்போது, "சில நாட்டு ஜனங்க தாங்களா எழுந்திருக்க முடியாதும்மா, பலமான நாடு படையோட போய்த்தான் ஜனநாயகத்தை வாங்கிக் கொடுக்கணும்" என்றாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் இல்லை. பதில் கைவசம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நான் எத்தனை தேர்தலில் பூத் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே ஏஜென்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டு மாதிரிக்குப் போட்டுக் காட்டவேண்டும். எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, அவர்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் எழுதி, ஒவ்வொரு ஏஜென்டுக்கும் நகல் தரவேண்டும். தோற்கப்போகிற கட்சியின் ஏஜென்டும் அந்த நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உயிரோடு வீட்டுக்குப் போகிறான். ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வருகிறான். ஜனநாயகம் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அவனுக்கு இந்த நம்பிக்கை வந்தது எந்தப் பட்டாளத்தாலும் இல்லை. பூத்தில் உட்காரும் டீச்சருக்கு அடுத்த மாதமும் சம்பளம் வரும், யார் ஜெயித்தாலும் அவள் வேலை போகாது என்பதால் வந்தது.

அமெரிக்கப் படை பிடித்த ஈராக்கில் முதலில் அடித்தது அந்த ஆணிவேரைத்தான். 2003 மே 16, அமெரிக்க நிர்வாகி பால் பிரெமரின் முதல் ஆணை: சதாம் உசேனின் பாத் கட்சியில் மேல் நான்கு படிகளில் இருந்த யாருக்கும் அரசு வேலை இல்லை. வேலைக்காகக் கட்சி அட்டை வாங்கிய வாத்தியார்கள் ஆயிரக்கணக்கில் வெளியே போனார்கள். ஒரு வாரத்தில் இரண்டாவது ஆணை: ராணுவமே கலைப்பு. லட்சக்கணக்கான ஆட்கள் சம்பளம் இல்லாமல், துப்பாக்கி சுடத் தெரிந்தவர்களாக, தெருவில். 2005 ஜனவரியில் தேர்தல். வாக்காளர் பட்டியலை எதை வைத்துத் தயாரித்தார்கள் தெரியுமா, சதாம் காலத்து ரேஷன் பதிவேட்டை வைத்து. அதில் தப்பில்லை, நம் ஊரிலும் ரேஷன் கார்டைவிடச் சரியான கணக்கு எது? ஆனால் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கினார்கள். சன்னி முஸ்லிம்கள் அதிகம் உள்ள அன்பார் மாகாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். தொகுதி தனித்தனியாக இருந்திருந்தால் குறைந்த ஓட்டிலும் அந்த ஊருக்கென்று ஒரு ஆள் சபைக்குப் போயிருப்பான். இப்படி அவர்கள் பெயருக்கு மட்டுமே இருந்த சபைதான் அரசியல் சட்டம் எழுதியது. விரலில் மை இருந்தது. தோற்றவனின் கையெழுத்து இல்லை.

நீ ஜப்பானையும் ஜெர்மனியையும் சொல்வாய். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியிலும் எதிராளியின் பலமான வாதத்தை நீதான் முதலில் எடுப்பாய், எனக்கு அப்போது எவ்வளவு பெருமை. சொல்கிறேன் கேள். ஜப்பானில் 1890 முதலே நாடாளுமன்றம் இருந்தது, 1925இல் வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. போருக்குப் பின் அங்கே ஆண்ட அமெரிக்கத் தளபதி மக்கார்தர் அரசு அலுவலர்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துத்தான் வேலை வாங்கினார். ஜெர்மனியில் போருக்குப் பின் ஆட்சித் தலைவரான அடெனாவர் ஹிட்லருக்கு முன்பே கொலோன் நகர மேயர். அங்கே படை புதிதாக எதையும் நடவில்லை, வெட்டிப்போட்ட மரம் துளிர்த்தது.

வங்கதேசத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். 1970இல் அந்த ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள், அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் 169 இடங்களில் 167 முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சிக்கு. அந்த முடிவின்மேல் ஏறி உட்கார்ந்த பாகிஸ்தான் ராணுவத்தைத்தான் நம் படை இறக்கியது. 1972 மார்ச்சில் திரும்பியும் வந்துவிட்டது. 2017இல் காம்பியாவில் அக்கம்பக்கத்து நாடுகள் செய்ததும் அதுவே: தேர்தலில் தோற்றுப்போன அதிபர் ஜமே நாற்காலியை விடவில்லை, படை எல்லையைத் தாண்டி வந்ததும் விமானம் ஏறினார். ஜனங்கள் தீர்ப்பு எழுதிய பிறகு, பக்கத்து நாடு, கொஞ்ச நாளைக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் படைக்கு ஒரு வேலை உண்டு என்று நான் நினைக்கிறேன். அதற்குமேல் ஒரு நாள் இருந்தாலும் கெடுதல். அந்த வங்கதேசத்திலேயே 1975 ஜனவரியில் ஒரே கட்சி ஆட்சி என்று சட்டம் வந்தது. அதைத் தடுப்பது எந்தப் படையின் கையிலும் இல்லை.

எந்தத் தாளிலும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. முந்தாநாளும் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன்.

இப்போது, சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். பட்டாளத்தில் இருந்த சித்தப்பாவைப் பற்றி நீ சின்னப்பிள்ளையாகக் கேட்டபோதெல்லாம், "இலங்கையில தேர்தல் நடத்தப் போனார்டா" என்பேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாய். அது பாதிதான். நம் படை போனது இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி, 1987 ஜூலையில், போராளிகளிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைக்கவும் அமைதி காக்கவும். அக்டோபரில் புலிகளோடு சண்டை. அந்த மாதம் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் நம் சிப்பாய்களின் குண்டில் செத்தார்கள். 1988 நவம்பரில் மாகாணசபைத் தேர்தல். கிழக்கில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், உண்மை. வடக்கில் ஒரு ஓட்டும் விழவில்லை, எல்லா இடமும் போட்டியில்லாமல் நிரப்பப்பட்டது. அடுத்த வருடம் அந்த மாகாண அரசைக் காப்பாற்ற என்று தெருவில் போன பையன்களைப் பிடித்துப்போய்க் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் நம் படையின் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டபோது அந்த அரசும் கலைந்தது, முதலமைச்சர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். பிடிபட்ட பையன்களுக்குக் கப்பல் இல்லை. நம் பக்கம் செத்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர்.

சித்தப்பா தீபாவளிக்கு ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று கேட்டாய். வெடிச்சத்தம் பிடிக்காது என்றேன். எல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். வகுப்பில் எழுபது பிள்ளைகளுக்கு வரலாறு சொன்னவள், பெற்ற பிள்ளைக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. படை போனால் ஜனநாயகம் வரும் என்ற எண்ணம் உனக்கு அமெரிக்காவில் வந்ததில்லை. இந்த வீட்டில், நான் ஊட்டியது.

நாலு பேருக்கு நல்லது செய்ய நினைக்கிற மனசு உனக்கு. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

மார்க் ஷீட்டை அக்கா கூரியரில் போட்டுவிட்டாள். பிறப்புச் சான்றிதழ் பீரோவில், என் சாவியில் இருக்கிறது. போன் பண்ணி எதற்கென்று உன் வாயால் சொல். சொன்னால் மறுநாளே அனுப்பிவிடுகிறேன். இங்கே இரவு எந்நேரமானாலும் பரவாயில்லை, நான் தூங்குவதில்லை.

அம்மா