பல்லைப் பிடுங்க வேண்டாம், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

போன ஞாயிறு உங்கள் அங் மோ கியோ வீட்டில் சாப்பிட்டபோது பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சோற்றை வலப்பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மென்றீர்கள். ரசத்தை ஆறவைத்துக் குடித்தீர்கள். கன்னத்தில் அடக்கியிருந்த கிராம்பு, வாயைத் திறந்தபோதெல்லாம் மணத்தது. கேட்டதற்கு, "ஒன்றுமில்லைம்மா, அடுத்த வாரம் போய்ப் பிடுங்கிவிட்டு வந்துவிடுவேன்" என்றீர்கள். எனக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. பல்வலியை இப்படி மறைத்துக்கொண்டு நடமாடும் அத்தைகளும் மாமாக்களும் இந்தச் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பல்லைப் பிடுங்காமல், உள்ளே கெட்டுப்போனதை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர் சிகிச்சை (ரூட் கெனால்). எனக்கு அது இரண்டு முறை நடந்திருக்கிறது. அதில் ஒரு பல் போய்விட்டது, ஒரு பல் இருக்கிறது. இருக்கிற பல்லை முதலில் சொல்கிறேன்.

கீழ்வரிசையில் இடது கடைவாய்ப்பல். சூடாகத் தேநீர் குடித்தால் சுருக்கென்று பிடிக்கும், அரை மணி நேரம் விடாது. இரவில் படுத்தால் இன்னும் மோசம். இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பல ராத்திரி விடிந்தது. காரணத்தை மருத்துவர் படம் வரைந்து காட்டினார். பல்லுக்கு நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கினால் கூழ் வீங்கும். விரலில் அடிபட்டால் வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், எங்கே வீங்குவது? அந்த நெருக்கடிதான் வலி. "இரண்டு நாளாக வலியே இல்லை, சரியாகிவிட்டது" என்று நீங்கள் பிறகு சொன்னீர்களே, எனக்குப் பயம் அதைக் கேட்டுத்தான். கூழ் செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். கிருமி நிற்காது. வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் வைக்கும்.

சிகிச்சை அன்று வலித்தது என்று சொன்னால், ஊசி போட்ட அந்த ஒரு நிமிடம்தான். பிறகு உதடும் நாக்கில் பாதியும் மரத்துவிட்டன. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டினார்கள். அந்தப் பல் மட்டும் அதன் ஓட்டை வழியாக வெளியே நின்றது. எச்சில் உள்ளே போகாது, மருந்து தொண்டைக்கு இறங்காது. மேலே சின்னதாகத் துளையிட்டுக் கூழை எடுத்தார்கள். அப்புறம் முடி மாதிரி மெல்லிய அரங்கள், பிடியில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வரிசையாக நிறம். நிறம் மாற மாறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமன் கூடும். உதட்டோரம் மாட்டிய ஒரு கொக்கி வழியாகக் கருவி ஒன்று வேரின் நுனி எங்கே முடிகிறது என்று பீப் பீப் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கழுவிய மருந்தில் நீச்சல் குளத்து வாடை. என் பல்லில் மூன்று கால்வாய்கள். ஒவ்வொன்றையும் அப்படி அரைத்து, கழுவி, உலர்த்தி, அடுத்த முறை வந்தபோது அடைத்தார்கள்.

அடைத்தது எதனால் என்று கேட்டேன். இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றைக் காட்டி, "கட்டா பெர்ச்சா" என்றார் மருத்துவர். உங்களுக்கு மலாய் தெரியுமே, கெத்தா என்றால் மரப்பால். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த மண்ணில் வளர்ந்த மரம்தான் அது, அத்தை. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு அதில் பிடி செய்வார்களாம். இங்கே மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி அதைக் கவனித்து, 1840களில் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். பிறகு கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையானது, அதற்காகவே மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். நம் ஊர்க் காட்டு மரத்தின் பால் இன்றைக்கும் பல் வேருக்குள் போகிறது என்று படித்தபோது மனசுக்கு என்னவோ செய்தது. நாற்காலியில் இருந்த பயத்தில் பாதி அதிலேயே போயிற்று.

இனி போன பல். அது எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. வேறொரு கிளினிக். வலி தீர்ந்தது, பணம் கட்டினேன், வந்துவிட்டேன். பல்லின் மேல் கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை, போட வேண்டும் என்பதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. சொன்ன ஒரே வரி, "வசதிப்படும்போது போட்டுக்கொள்ளுங்கள்." உள்ளே குடைந்த கடைவாய்ப்பல் சுவர் மெலிந்து நிற்கும், மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடும் என்று தெரிந்திருந்தால் கடன் வாங்கியாவது போட்டிருப்பேன். தீபாவளி முறுக்கு ஒன்றைக் கடித்தேன். டக்கென்று ஒரு சத்தம், வேர் வரைக்கும் விரிசல். பிடுங்கத்தான் முடிந்தது. அந்த இடத்தை நாக்கு இன்னமும் தேடிப் போகிறது. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. ஆகவே நீங்கள் போகும்போது கிரவுனுக்கும் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

பணம் என்று தயங்க வேண்டாம். நீங்கள் 1956-இல் பிறந்தவர், உங்கள் வயதுக்காரர்களுக்கு அரசு கொடுத்த மெர்டேக்கா தலைமுறை அட்டை கையில் இருக்கிறது. சாஸ் (CHAS) என்ற அரசு மானியத் திட்டத்தில் உள்ள பல் கிளினிக்குகளில் வேர் சிகிச்சைக்கும் கிரவுனுக்கும் மானியம் உண்டு. முன்பல்லா கடைவாய்ப்பல்லா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். பிடுங்கினால் மலிவுதான். ஆனால் அந்த இடத்தில் வேறு பல் வைக்க நினைக்கும்போதுதான் செலவு தெரியும்.

வேர் சிகிச்சை செய்தால் வேறு நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் காட்டினீர்கள். அது நூறு வருஷத்துக்கு முன் வெஸ்டன் பிரைஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பரப்பிய கருத்து. பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் அது நிற்கவில்லை. அதை விடுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பிடுங்க அல்ல, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க. பல்லைக் காப்பாற்ற முடியாது என்று அவர்களே சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் பெயரை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அட்டையையும். இட்லி சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும், தெரியாமல் கடித்துக்கொள்வீர்கள். ஒன்பதரைக்கு உங்கள் புளோக் கீழே, மின்தூக்கிப் பக்கம் நிற்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்